மேல் வயல் தண்ணீர்

அக்காவைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களாக அமைந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு வேறு பொழுதுபோக்கே வேண்டாம். மாமனார் கண்ணை மூடும் முன் தன் சரிவு நிலத்தை இரண்டாகப் பிரித்து, மேல்பாதியை மூத்த மகளுக்கும், ஓடையை ஒட்டிய கீழ்ப்பாதியை இளையவளுக்கும் எழுதி வைத்தார். மேல்பாதி நல்ல மண். கீழ்ப்பாதி மழைக்காலம் முழுக்கச் சொதசொதவென்று கிடக்கும். பத்திரம் பதிந்த அன்று மூத்த மருமகனுக்கு வாயெல்லாம் பல்லாக இருந்ததை இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

அந்த மூத்த மருமகனை எல்லோரும் நூல்காரர் என்பார்கள். நாற்று நடும் முன் வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நூல் கட்டி, அதிலிருந்து ஒரு விரல் விலகினாலும் பிடுங்கி மறுபடி நடச் சொல்கிற மனுஷன். அவருடைய முட்டைக்கோஸ் வயல் தூரத்திலிருந்து பார்த்தால் எண்ணெய் வைத்துச் சீவி வகிடெடுத்த தலை மாதிரி இருக்கும். பேருக்கு ஒரு களை கிடையாது. உரம் போடுவதில் மட்டும் தாராளக் கை. பயிர் பசியோடு இருக்கக் கூடாது என்பார். எல்லோரும் ஒரு மூட்டை போடும் இடத்தில் அவர் இரண்டு போடுவார், மழை வந்து கரைத்துக்கொண்டு போனால் மறுபடியும் போடுவார்.

கீழ் வயல்காரருக்கு ரேடியோ என்று பெயர். ஒரு காலத்தில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தார். யாரும் எதையும் ரிப்பேர் செய்யாமல் புதிதாகவே வாங்க ஆரம்பித்த பிறகு கடையை மூடிவிட்டு மனைவியின் நிலத்துக்கு வந்தார். பெயர் தொழிலால் வந்ததா வாயால் வந்ததா என்று கேட்டால், இரண்டாலும்தான். விதைக்க வேண்டிய நாளில் யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார். அறுக்க வேண்டிய நாளில் மழை வந்துவிடும். வயலில் பாதி பயிர், பாதி களை. நூல்காரர் தினமும் காலையில் தன் வரப்பில் நின்று கீழே பார்ப்பார். அந்தக் காட்சி அவருக்குக் காலைக் காபி மாதிரி. குடித்தால்தான் நாள் தொடங்கும்.

இப்படியே போயிருந்தால் அவர் சந்தோஷமாகவே இருந்திருப்பார்.

நகரத்து ஏரி இரண்டு கோடையாகப் பச்சைக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டிருந்தது. கரையில் நிற்க முடியாத நாற்றம். எவ்வளவு வடிகட்டினாலும் குழாய்த் தண்ணீரில் ஒரு பாசி வாடை. நீர்வாரியம் ஆராய்ந்து பார்த்ததில், வயலில் போடும் உரம் மழையில் கரைந்து, மண்ணோடு சேர்ந்து, ஓடை வழியாக ஏரிக்குப் போகிறது, அதைத் தின்றுதான் பாசி கொழுக்கிறது என்று தெரிந்தது. வாரியம் யாரையும் மிரட்டவில்லை. ஒரு திட்டத்தோடு வந்தது. ஓடைக்கரையில் ஒரு பட்டை நிலத்தை உழாமல், உரம் போடாமல் விட வேண்டும். அதில் புல்லும் மரக்கன்றும் வளர்ந்தால், ஓடிவரும் தண்ணீர் அங்கே தயங்கி, மண்ணையும் உரத்தையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓடைக்குப் போகும். விட்ட நிலத்துக்குக் குத்தகை மாதிரி வருஷா வருஷம் பணம் வரும். விதையும் கன்றும் இலவசம். இஷ்டம் இருந்தால் சேரலாம். இல்லையென்றால் ஒரு கேள்வியும் இல்லை.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அதிகாரி அம்மா வந்து வயல்காரர்களைக் கூட்டி வைத்து இதை விளக்கினார். நூல்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உழாமல் இருப்பதற்குக் கூலியா, அப்படியென்றால் என் சகலைக்குப் பல வருஷத்துப் பாக்கி தர வேண்டுமே என்று எழுந்து சொன்னார். கூடம் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது ரேடியோதான். சிரித்து முடித்துவிட்டு நேரே போய் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

மறு வாரமே வேலை தொடங்கியது. முன்பு மேல் வயலில் வடியும் தண்ணீர், இரண்டு வயலுக்கும் நடுவில் இருந்த வடிகாலில் இறங்கி, பாதையோரமாக நேரே ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. அதிகாரி அம்மா அந்த வடிகாலுக்குக் குறுக்கே ஒரு மண்கரை போடச் சொன்னார். தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி, கீழ் வயலின் புல் பட்டையில் பரவ வேண்டும் என்பது ஏற்பாடு. நூல்காரரிடம் சம்மதம் கேட்டார்கள். என்னவோ பண்ணிக்கோங்க என்று சொல்லிவிட்டு அவர் நூலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது மழைக்காலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. கன்றுகள் ஆள் உயரம் தாண்டின. எங்கிருந்தோ குருவிகள் வந்தன. ரேடியோவைப் பார்க்க மனிதர்களும் வர ஆரம்பித்தார்கள். முதலில் பக்கத்து வயல்காரர்கள், பிறகு கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய, பிறகு காமிராவோடு இரண்டு பேர். ரேடியோவுக்கு இதைவிட என்ன வேண்டும்? வாழ்நாளெல்லாம் கேட்க ஆள் தேடி அலைந்த வாய்க்கு இப்போது ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். புல்லின் வேர் எவ்வளவு ஆழம் போகும், தண்ணீர் எப்படித் தயங்கும் என்று அதிகாரி அம்மா சொன்னதையெல்லாம், ஏதோ தன் கடையில் தானே முடுக்கிச் செய்த சாமான் மாதிரி விளக்குவார். கரையில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் அவர் பெயரை எழுதி நட்டார்கள்.

பலகையின் முகம் பாதையைப் பார்த்து இருந்தது. முதுகுதான் மேல் வயலைப் பார்த்து இருந்தது. அந்த முதுகு போதும், நூல்காரருக்கு வயிறு எரிய.

களை பிடுங்கித் தேய்ந்தது என் விரல், களை வளர்த்தவனுக்குப் பலகை என்று வீட்டில் வந்து புலம்பினார். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்காமல், தங்கச்சி வீட்டுக்குப் புது ஓடு மாத்துறாங்க, அந்தப் பணத்துலதான், என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு அது குத்திக்காட்டுவதாகப் பட்டது. உரித்த வெங்காயம் கண்ணில் பட்ட மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஆனால் பலகையோ ஓடோ அவரை அவ்வளவு தின்றிருக்காது. அவரைத் தின்றது மகள் விஷயம்.

ஒரே மகள். நகரத்துக் குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். திட்டம் வந்த பிறகு, புல் பட்டையில் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. முன்பெல்லாம் எப்போதாவது வீட்டுக்கு வருகிறவள், இப்போது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்து முதலில் இறங்குவது கீழ் வயலில். சித்தப்பா, சித்தப்பா என்று அவள் குரல் வரப்பு தாண்டிக் கேட்கும். ரேடியோ பேசப் பேச அவள் சிரிப்பது கேட்கும். இரண்டு பேரும் புல்லுக்குள் குனிந்து எதையோ பார்ப்பார்கள். சித்தி தட்டில் எதையாவது கொண்டுவந்து நீட்டுவாள். மேலே தன் வரப்பில் மண்வெட்டியோடு நிற்கும் அப்பாவுக்கு மகள் கையசைப்பாள். அவரும் அசைப்பார். கையசைக்கிற தூரத்தில் நிற்கிற அப்பா ஆகிவிட்டோமே என்று நினைப்பார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது அவள் வயிறு ஏற்கனவே நிறைந்திருக்கும். சித்தி விடல என்பாள். அப்பாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், கோஸ் எப்படிப்பா இருக்கு என்று கேட்பாள். நல்லா இருக்கு என்பார். அதோடு தீர்ந்தது.

ஒரு மழை விட்ட காலையில், நூல்காரர் காரணம் ஏதும் இல்லாத மாதிரி வடிகால் பக்கம் நடந்து போனார். மகள் குனிந்து முதல் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவருடைய வயலிலிருந்து வடிகால் இறங்குகிற வாயில். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. பிறகு அவள் புல்லைத் தாண்டி ஓடைக்கரைக்குப் போய், தண்ணீர் கசிந்து வெளியே வரும் இடத்தில் இரண்டாவது பாட்டிலை நிரப்பினாள். திரும்பி வந்து இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சித்தப்பாவிடம் காட்டினாள். இரண்டாவது பாட்டிலில் அந்தப் பக்கம் நின்ற மரம் தெரிந்தது. ரேடியோ கை தட்டினார்.

அப்போதுதான் நூல்காரருக்கு உறைத்தது. அந்த டீ நிறத் தண்ணீர் தன்னுடையது. தன் மண், தன் உரம், தன் வயல் அழுக்கு. சகலை பெயர் வாங்குவது தன் அழுக்கைக் கழுவி.

மகள் அப்பாவைப் பார்த்ததும் பாட்டில்களைச் சட்டென்று பெட்டிக்குள் வைத்தாள். இத்தனை நாளும் அவள் இதைத் தன்னிடம் சொல்லாதது மரியாதைக்காக என்று அவருக்குப் புரிந்தது. அந்த மரியாதை செருப்படியைவிட மோசமாக இருந்தது.

நானும் சேரலாமா என்று அவர் நீர்வாரியத்துக்கே போய்க் கேட்டார். அதிகாரி அம்மாவின் மேஜை முழுக்க வரைபடங்கள். அவர் மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார். உங்க நிலம் ஓடையைத் தொடலையே சார், அதனால கரைப் பட்டை வராது என்றார். ஆனால் மேல் வயல்களுக்கும் உதவி இருக்கிறது, அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவில் மண் சும்மா கிடக்காமல் மூடாக்குப் பயிர் போடலாம், வயல் மூலையில் ஒரு குழி வெட்டினால் வண்டல் அங்கேயே தங்கிவிடும், உரத்தை மண் பரிசோதனைக்குத் தக்கபடி குறைக்கலாம் என்று அடுக்கினார். உண்மையில் அங்கே பெரிய மாற்றம் வர வேண்டியது உங்கள் வயலில்தான் என்றும் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்த அறையில் இன்னும் இரண்டு வயல்காரர்கள் காத்திருந்தார்கள். நூல்காரர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: உன் சகலைக்குப் பலகை, உனக்குக் குழி.

அடுத்த பெரிய மழை வருவதற்கு முந்தைய மதியம் வானம் இருட்டிக்கொண்டு நின்றது. ரேடியோ குடும்பம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. நூல்காரர் உரம் போட்டு முடித்த கையோடு வடிகால் பக்கம் போனார். தெளிந்த தண்ணீரைத் தூக்கிப் பிடித்துக் கைதட்டுவதற்கு அவனுக்கு என் தண்ணீர்தானே வேண்டியிருக்கிறது, அதைக் கொடுக்காவிட்டால்? குறுக்கே போட்டிருந்த மண்கரையை மண்வெட்டியால் வெட்டினார். நாலு போடு போட்டதும் பழைய வடிகால் வாயைத் திறந்தது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகவே சாப்பிட்டார்.

மழை சாயங்காலம் பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மேல் வயல் தண்ணீர் புல்லின் பக்கமே திரும்பாமல், மண்ணை வாரிக்கொண்டு, பாதையோரமாகப் பாய்ந்து ஓடையில் விழுந்தது. புல் பட்டை நனைந்து சும்மா நின்றது.

அதற்குப் பிறகு நல்ல வெயில். வாரம் திரும்பும் முன்பே ஏரி பச்சையாகிவிட்டது. இந்தத் தடவை வெறும் வாடையோடு நிற்கவில்லை. மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. குடிநீர் நிலையத்தை நிறுத்த வேண்டி வந்தது. நகரத்தில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை. ஓடைகள் பல ஏரியில் விழுகின்றன, எல்லா வயலிலிருந்தும் மண் போனது உண்மை. ஆனால் ஊர் வாய்க்குப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பலகையில் பெயர் போட்ட ஆள் இருந்தார். பணம் வாங்கிக்கொண்டு புல் வளர்த்தாரே, என்ன ஆச்சு என்று டீக்கடையில் கேட்டார்கள். பலகையின் மேல் யாரோ சாணியை அடித்திருந்தார்கள்.

நூல்காரர் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மனசுக்குள் ஏதோ இனித்தது. இல்லையென்று சொல்ல முடியாது. இரண்டு நாள் இனித்தது.

மூன்றாம் நாள் மகள் வந்தாள். பாட்டில் பெட்டி இல்லை. முகம் கருத்து, கண் குழி விழுந்து, ஓயாமல் பரிசோதனைக் கூடத்திலேயே கிடந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது. கீழ் வயலுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்து, அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தாள். திட்டம் வேலை செய்கிறது என்று அறிக்கை கொடுத்தது அவள். இப்போது அவளுடைய பரிசோதனையே தப்பு என்று மேலே பேச்சு. திட்டத்தை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். வியாழக்கிழமை கூட்டம், அதில் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவள் அம்மாவிடம்தான் சொன்னாள். அவர் அடுத்த அறையில் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டார்.

கூட்டத்தன்று வாரியக் கூடம் நிரம்பியிருந்தது. நகரத்துக்காரர்கள் முன்வரிசையில், வயல்காரர்கள் பின்னால். நூல்காரரும் மனைவியும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். மகள் மேடையில் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இதுவரை புல் பட்டை எவ்வளவு பிடித்தது, இந்த மழையில் மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று தனக்குத் தெரியவில்லை என்று சொன்னாள். தெரியலைன்னா எதுக்கு இத்தனை நாள் பரிசோதனை என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். அவள் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

அப்போது ரேடியோ எழுந்தார். அந்த மனுஷன் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"பொண்ணு மேல தப்பு இல்லைங்க. தண்ணியத் திருப்பி விடுற மண்கரை உடைஞ்சிருந்துச்சு. நான் கல்யாணத்துக்குப் போயிட்டேன், பாத்துக்கல. திரும்பி வந்ததும் அடைச்சிட்டேன், ஆனா யார்கிட்டயும் சொல்லல. மழையில கரைஞ்சிருக்கும். என் கவனக் குறைவுதான். திட்டத்த நிறுத்தாதீங்க, என்னை வேணா எடுத்துடுங்க."

நூல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழை கரைத்த கரைக்கும் மண்வெட்டி வெட்டிய கரைக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை ரேடியோ. மண்வெட்டித் தடம் பார்த்திருப்பான். யாருடைய தடம் என்றும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் அடைத்திருக்கிறான். ஓயாத வாய், இந்த ஒன்றை மட்டும் மூடி வைத்திருந்திருக்கிறது.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மகள் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் நூல்காரரால் தாங்க முடியவில்லை. ஊரில் நல்ல பெயர் அவனுக்குப் போனது, பலகை போனது, மகளின் சிரிப்பு போனது. இப்போது பெருந்தன்மையும் அவனுக்கே போக வேண்டுமா? தன்னுடைய தப்பைக்கூட அவனே எடுத்துக்கொண்டு நல்லவனாகிவிடுவானா? அவர் எழுந்து நின்றது திருந்தியதால் என்று பிறகு பலர் சொன்னார்கள். இல்லை. அந்த நொடியில் அவரை நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்தியது அதே பொறாமைதான்.

"மழை உடைக்கல," என்றார். "நான் வெட்டினேன்."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை விலக்கினார்.

"என் வயல் தண்ணி அவன் புல்லுக்குப் போகக் கூடாதுன்னு வெட்டினேன். புல்லு நல்லாத்தான் வேலை செய்யுது. பொண்ணோட பரிசோதனையும் சரிதான். அதுக்குத் தண்ணியே வரலைன்னா அது என்ன பண்ணும்?"

ஏன் வெட்டினீங்க என்று அதிகாரி அம்மா கேட்டார். அவர் வாயைத் திறந்தார். பிறகு ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சகலையோ, ஓரகத்தியோ, அண்ணன் தம்பியோ இருந்தார்கள். யாரும் மறுபடி கேட்கவில்லை.

திட்டம் நிற்கவில்லை. மண்கரையை இனி கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டுவது என்று முடிவானது. வாரியம் நூல்காரரை எச்சரித்து விட்டது. ஆனால் வீட்டில் அவ்வளவு லேசாகத் தீரவில்லை. மனைவி சோறு போட்டாள், பேசவில்லை. தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன் என்று ஒருநாள் மட்டும் கேட்டாள். மகள் கூட்டம் முடிந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினாள். அந்த மாதம் முழுக்க மழைக்குப் பின் தண்ணீர் எடுக்க வேறொரு பையன் வந்தான்.

ரேடியோ ஒரு காலையில் வரப்பேறி வந்தார். அன்றைக்கும் அதிகம் பேசவில்லை.

"அண்ணே, நான் மறைச்சது உங்களுக்காக இல்ல," என்றார். "பொண்ணுக்காக. அப்பா இப்படிப் பண்ணிட்டாருன்னு அதுக்குத் தெரிய வேணாம்னு பாத்தேன். நீங்க போய்ப் போட்டு உடைச்சிட்டீங்க."

"நீ நல்லவனாகிறதுக்கு என் தப்பு வேணுமா?" என்றார் நூல்காரர்.

ரேடியோ மேல் வயலைக் கை காட்டினார். "எனக்கு என்ன வேணும்னு தெரியுமா? உங்க வயல் மாதிரி ஒரு வயல். மாமனார் பங்கு பிரிச்ச நாள்லேர்ந்து, கீழ நின்னு மேல பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு வருஷமாவது எனக்கு அப்படி வரிசையா வந்துச்சா? அதான், புல்லு வந்ததும் கொஞ்சம் ஆடிட்டேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நூல்காரர் அன்று முழுக்க நட வேண்டிய நாற்றை நடாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். தான் கீழே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை காலையும் கீழே இருந்தவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. ஆறுதலாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று அவருக்கே பிடிபடவில்லை. இரண்டும்தான் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அதிகாரி அம்மாவைத் தேடிப் போய், குழி எந்த அளவில் வேண்டும் என்று கேட்டார். வயலின் தாழ்ந்த மூலையில் ஆட்களை வைத்து வெட்டினார். மண் பரிசோதனை செய்தபோது, பல வருஷமாகப் பயிர் கேட்டதைப்போல் இரண்டு பங்கு உரம் போட்டு வந்தது தெரிந்தது. பாதியாகக் குறைத்தார். குறைத்த முதல் பருவம் முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்ததும் ஓடிப்போய் இலையின் நிறத்தைப் பார்ப்பார். கோஸ் எப்போதும் போலத்தான் வந்தது. அறுவடை முடிந்து வெறும் மண்ணாகக் கிடக்க வேண்டிய மாதங்களில் வயல் முழுக்கத் தீவனப் பயறு விதைத்தார். வரிசை இல்லை, வகிடு இல்லை, காட்டுத்தனமாகக் கொடி பின்னிக் கிடந்தது. பார்த்தவர்கள் நூல்காரரா இது என்று மூக்கில் விரல் வைத்தார்கள். சகலையைத் தோற்கடிக்கத்தான் இவ்வளவும் செய்கிறார் என்றார்கள். அதில் பொய்யும் இல்லை. என் வயலிலிருந்து தெளிந்த தண்ணீரையே அனுப்புகிறேன், அவன் புல்லு எதைச் சுத்தம் பண்ணுதுன்னு பாக்கறேன் என்று அவரே மனைவியிடம் சொன்னார். அவள் பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

மறு மழைக்காலத்தில் மகள் திரும்ப வந்தாள். மேல் வயலின் குழி அருகே நின்று, பாட்டிலை நிரப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இதுல பாதி வேலை இங்கேயே முடிஞ்சிடுதுப்பா என்றாள். அவர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். குழியில் தேங்கிய வண்டலை எப்போது வாருவது, வாரியதை வயலிலேயே போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றாள். அவள் விளக்க விளக்க அவர் கேட்டார். அவர் கேட்கக் கேட்க அவள் விளக்கினாள். அன்றைக்குச் சித்தி வீட்டுத் தட்டு வருவதற்குள் அப்பாவும் மகளும் குழிக்கரையில் வெகுநேரம் நின்றுவிட்டார்கள். கீழே ரேடியோ தன் புல்லுக்கு நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்று மேலே பார்த்தார். அன்று அவரைப் பார்க்க யாரும் வரவில்லை.

அந்தக் கோடையில் ஏரியின் ஓரங்களில் மட்டும் பச்சை படர்ந்தது. நிலையத்தை நிறுத்த வேண்டி வரவில்லை. இன்னும் சில வயல்காரர்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருவர் ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பால்பண்ணைக்காரர். பெரிய கை. கரை நெடுக மூன்று மடங்கு அகலமாக நிலத்தை விட்டார், மாடு இறங்காமல் வேலி போட்டார், சாணிக் கழுவலைத் தேக்க ஒரு தொட்டி கட்டினார். கல்லூரிப் பஸ் இப்போது பாலத்தைத் தாண்டி நேரே அங்கே போய் நின்றது.

சகலைகள் இரண்டு பேரும் இந்தக் கரையில் நின்று பார்த்தார்கள்.

"காசு இருக்கு, செய்யறான்," என்றார் ரேடியோ.

"அவ்வளவு அகலம் எதுக்கு? சும்மா பகட்டு," என்றார் நூல்காரர். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அந்தத் தொட்டி எப்படிக் கட்டியிருக்கான்னு இங்கேர்ந்து தெரியல," என்றார்.

மகள் பாட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தாள். கனமா இருக்கும், குடு, நான் தூக்கிட்டு வரேன் என்று அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். அது கனமே இல்லை என்று அவளுக்கும் தெரியும். ரேடியோ செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மூன்று பேரும் பாலத்தில் ஏறினார்கள். பாதி தூரம் போவதற்குள்ளேயே, உள்ளே போனதும் யார் முதலில் தொட்டியைப் பற்றிக் கேட்பது என்று இரண்டு பெரியவர்களும் தாழ்ந்த குரலில் பேசி முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.